இரண்டு வாய் வைத்த இன்வேர்ட்டர்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சாதாரண தரம் வரைதான் படித்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எதற்கு உடம்பு சுட்டது என்று கொப்பியில் குறிப்பதைத் தவிர இத்தனை வருடத்தில் நான் வேறு எதையும் எழுதியதில்லை. படித்தவர்கள் வாசிக்கிற இடத்தில் என் எழுத்தையும் கொண்டுவந்து வைக்கக் கூச்சமாக இருக்கிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்து, சோலாருக்கு எந்த இன்வேர்ட்டர் போட வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் மூச்சுக்கு மெஷின் வைத்த ஆள் இருக்கும். சொல்லத் தொடங்குவேன். இரண்டு வசனத்துக்கு மேல் நாக்கு புரளாது. வாயால் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள் என்று மகள் சொன்னாள். எழுத உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு இன்வேர்ட்டரைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை.

அவர் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிற அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். எங்கள் வீட்டில் பேச்சு அவருடையது. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருக்கிறவரோடு சிங்களத்தில் பேச்சுக் கொடுத்து, இறங்குவதற்குள் அவருடைய மருமகனுக்கு என்ன வியாதி என்பது வரை தெரிந்துகொள்வார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நான் பேச வேண்டிய இடங்களிலும் அவரே எனக்காகப் பேசிவிடுவார். இருபத்தெட்டு வருடம் அப்படியே போனது.

பிறகு அவருக்கு மூச்சு குறைந்தது. முதலில் மேட்டில் ஏறும்போது நின்றார். பிறகு பைப்படிக்குப் போய் வரும்போதும் நின்றார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், நுரையீரல் இறுகிவிட்டது, இனி ஒக்சிஜன் மெஷின் வைத்துத்தான் இருக்க வேண்டும் என்றார். புகையறையாலா, பீடியாலா என்று நாங்கள் கேட்கவில்லை. கொழும்பில் இருக்கும் மகளும் மருமகனும் மெஷினை வாங்கி வந்தார்கள். சின்ன அரிசிப் பெட்டி அளவு. கரண்டில் ஓடும். வீட்டுக் காற்றை இழுத்து, ஒக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். புஸ் என்று ஒரு சத்தம், பிறகு டக் என்று ஒரு சத்தம். நாள் முழுக்க அதுதான்.

எங்கள் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளில், காம்பராவுக்குக் காம்பரா நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். மெஷின் வந்த முதல் கிழமை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி வாசலில் நின்று சொன்னாள்.

"மதினி, அண்ணனோட மெஷின் சத்தத்துல எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

நான் வாய் திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து அவர் பதில் சொன்னார்.

"ஒம்புருசன் கொறட்டைய பதினஞ்சு வருசம் நாங்க கேக்கல்லையா தங்கச்சி? இது கொஞ்சம் கேளு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவள் கொழுந்தெடுக்கிறாள். புருஷன் எம்பிலிப்பிட்டிய பக்கம் வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஒரே மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மெஷினுக்குப் பகை கரண்ட் போவதுதான். எங்கள் தோட்டத்துக்குக் கரண்ட் வருகிற கம்பி ரப்பர் மரங்களுக்கு நடுவால் வருகிறது. காற்றடித்து ஒரு கொப்பு முறிந்தால் போதும். டாக்டர் ஒரு சின்ன சிலிண்டரும் வைத்திருக்கச் சொல்லியிருந்தார். அது இரண்டு மூன்று மணித்தியாலம் வரும். காலி ஆனால் ஓட்டோவில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய் நிரப்ப வேண்டும். முதல் மாதத்தில் ஒரு நாள் சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போன பிறகுதான் கரண்ட் வந்தது. அந்தக் கடைசி இருபது நிமிடமும் அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே மகள் போனில் சோலார் போடச் சொன்னாள்.

வரக்காப்பொல டவுனில் சோலார் கடை ஒன்று இருந்தது. அவரால் வர முடியாது. நான்தான் போனேன். கழுத்துப் பட்டி கட்டிய பிள்ளை ஒருவர் உட்காரச் சொல்லி, படம் போட்ட புத்தகத்தைக் காட்டி, கூரையில் பலகை போட்டால் கரண்ட் பில்லே வராது, மிஞ்சுகிற கரண்டை வெளியே விற்கவும் செய்யலாம் என்றார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வெளியில் கரண்ட் போனால் இது ஓடுமா? கேட்டிருக்கலாம். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி கேட்டார். லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? அதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. உறுதி மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கே பிழையான ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொன்னவர் வயரிங் பாஸ், கரண்ட் வேலை செய்கிறவர். கீழே சிங்களக் கிராமத்துக்காரர். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு வயர் இழுத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதம். போன் போட்டதும் குடையும் டெஸ்டருமாக வந்து கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவருடைய தமிழ் கடைத்தெருத் தமிழ். என்னைத் தங்கை என்ற அர்த்தத்தில் நங்கி என்பார்.

"அது இந்த மெஷினுக்கு வேல இல்ல நங்கி. அந்த ஜாதி இன்வேர்ட்டர் லைன் கரண்டோட சேந்து ஓடுறது. லைன் கரண்ட் செத்தா, வெயில் எவ்வளவு இருந்தாலும் அதுவும் நிக்கும். நிக்கத்தான் வேணும். இல்லாட்டி கம்பத்துல ஏறி வேல செய்ற மனுசன் சாவான்."

"அப்ப கரண்ட் போற நேரத்துல மட்டும் வேல செய்யாத சோலார். நல்லாருக்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

"பில் கொறைக்க அது ஹொந்தாய், ரொம்ப நல்லம். ஒனக்கு வேண்டியது பில்லா மச்சான், மூச்சா?"

பேட்டரி உள்ள இன்வேர்ட்டர்தான் வேண்டும் என்று ஆனது. எங்கள் அவசரத்தைக் கேள்விப்பட்ட தோட்டத்துச் சில்லறைக் கடை முதலாளி, தன் கடையில் பல்பு எரிக்க வைத்திருந்த சின்ன இன்வேர்ட்டரை லொறி பேட்டரியோடு சேர்த்துக் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ளக் கொடுத்தார். நல்ல மனிதர். பாஸ் வருவதற்குள் நாங்களே பூட்டிப் பார்த்தோம். பல்பு நன்றாக எரிந்தது. மெஷினைப் போட்டதும் அதன் சத்தம் மாறிவிட்டது. தகரப் பேணிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி உறுமியது. பத்து நிமிடத்தில் மேல்மூடி சுட்டது.

"இதுக்கும் என்னய மாதிரி மூச்சு வாங்குது புள்ள" என்றார் அவர். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

பாஸ் வந்து என் பிள்ளைக் காம்பராக் கொப்பியின் பின் பக்கத்தில் இரண்டு கோடு வரைந்தார். ஒன்று குளத்தில் அலை போகிற மாதிரி வளைந்து வளைந்து போனது. மற்றது படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கியது. கம்பியில் வருகிற கரண்ட் முதலாவது மாதிரி. விலை குறைந்த இன்வேர்ட்டர் கொடுப்பது இரண்டாவது மாதிரி. பல்புக்கு இரண்டும் ஒன்றுதான். மோட்டார் உள்ள சாமானுக்குப் படிக்கட்டு ஆகாது, சூடேறிக் கெட்டுவிடும். அலை மாதிரிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார். அந்தக் கொப்பித் தாளை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். கேட்டு வருகிற பெண்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

இன்னொன்றும் இருந்தது. வெயிலில் மட்டும் சார்ஜ் ஆகிற இன்வேர்ட்டரை நம்பி எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. இங்கே காற்றும் மழையுமான நாளில்தான் கரண்ட் போகும். அந்த நாளில்தான் வெயிலும் இருக்காது. அதனால் வெயில் இருந்தால் வெயிலிலிருந்து, இல்லாவிட்டால் கம்பியில் கரண்ட் இருக்கும்போதே அதிலிருந்து என்று இரண்டாலும் பேட்டரியை நிரப்பி வைக்கிற இன்வேர்ட்டர் வேண்டும் என்று பாஸ் தீர்மானித்தார்.

கடைசியாக, என்னென்ன ஓடும் என்று கேட்டார்.

"நெனச்சு சொல்லு நங்கி. பொறவு கூட்ட ஏலாது."

"மெஷின். ரெண்டு பல்பு. போன் சார்ஜ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் எழுதிக்கொண்டார். ஒரு கிலோவாட் போதும் என்றார். மெஷின் இருநூறு வாட்தான். பேட்டரி நிறைந்திருந்தால் மெஷின் மட்டும் கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடும். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் பேசாமல் இருந்ததை நான் அப்போது யோசிக்கவில்லை.

லயத்துத் தகரம் பழையது, அதில் ஆள் ஏற முடியாது. தோட்டத்து ஆபீசில் கேட்டு, மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம் நட்டுப் பலகைகளைப் பூட்டினோம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"சூரியனயே வாங்கிப்புட்டீங்களா மதினி? எங்க பக்கமும் கொஞ்சம் வெயில் விடுங்க."

அதற்குப் பிறகு இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. மெஷின் சத்தம் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சிலிண்டர் கட்டில் தலைமாட்டில் சும்மா நின்றது. எனக்கு வேலைக்குப் போகிற கால் கொஞ்சம் லேசானது.

மூன்றாவது முறை கரண்ட் போனது ஒரு புதன்கிழமை பகலில். நான் பிள்ளைக் காம்பராவில் இருந்தேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி முடிக்கிற நேரம். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த தங்கச்சியின் குரல் மேட்டிலிருந்து வந்தது.

"மதினீ, மெஷின் நின்னுருச்சு. ஓடியாங்க."

எப்படி ஏறினேன் என்று தெரியாது. உள்ளே போனபோது இன்வேர்ட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது, மெஷினும் கத்திக்கொண்டிருந்தது. அவர் கட்டில் விளிம்பில் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. சிலிண்டரைத் திறக்கப் பார்த்திருக்கிறார். அந்தத் திருகு இறுக்கம், அவருக்குப் பலம் போதவில்லை. நான் திறந்து குழாயை மாற்றிவிட்டு, அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் முதுகு மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் பிளக் பொயின்டிலிருந்து ஒரு பழைய வயர் கிளம்பி, சுவர் மேல் ஏறி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் அந்தப் பக்கம் போயிருந்தது.

தங்கச்சி வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"கரண்ட் கேத்தலப் போட்டேன் மதினி. அதான். அண்ணன்தான் வயர குடுத்தாரு. ஒரு பிளேன்ட்டி கேட்டாரு, இஞ்சி தட்டிப் போட்டுக் குடுக்கலாம்னு கேத்தலப் போட்டேன். டப்புனு எல்லாம் நின்னுருச்சு."

அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு கரண்ட் கேத்தல் ஏழு மெஷின் அளவுக்கு இழுக்கும் என்று எனக்கே பாஸ் சொல்லித்தான் தெரியும். நானும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். கேத்தலைக் கழற்றிவிட்டு இன்வேர்ட்டரை நிறுத்தி மறுபடி போட்டேன். மெஷின் பழையபடி புஸ் என்றது.

அவருக்குப் பேச்சு வர அரை மணித்தியாலம் ஆனது. முதலில் சொன்னது இதுதான்.

"பிளேன்ட்டி வரவே இல்ல."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போதிலிருந்து இந்த வயர் போகிறது என்று கேட்டேன். முதல் முறை கரண்ட் போன நாளிலிருந்தே என்றார். நான் வேலையால் வருவதற்குள் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்ல மாட்ட. உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருப்ப. அதான்."

அந்த வயரை நான் அறிவேன். எங்கள் லயத்தில் முதல் மீட்டர் வந்தது தங்கச்சியின் மாமியார் வீட்டுக்கு, அதாவது இப்போது அவள் இருக்கிற அதே வீட்டுக்கு. எங்களுக்கு மீட்டர் கிடைக்க நாலு வருடம் பிந்தியது. அந்த நாலு வருடமும், எங்கள் மகள் படிப்பதற்கு, இதே இடைவெளியால் இதே வயர் அங்கிருந்து இங்கே வந்தது. லயத்தில் அப்படித்தான். வெளிச்சம் உள்ள வீட்டிலிருந்து வயர் போகும், யாரும் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கிறவர் சொல்லவும் மாட்டார்கள். அவர் அந்த வயரைத் தூக்கிப் போடாமல் இத்தனை வருடம் சுருட்டி வைத்திருந்திருக்கிறார்.

பாஸ் வந்தபோது நடந்ததை என் வீட்டுக்காரரே தமாஷாகச் சொன்னார். பாஸ் சிரிக்கவில்லை.

"நான் வாட் கேட்டேன். ஆளக் கேக்கல்ல. என் பெழ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த மனுசன் கட்டில்ல இருக்குற வரைக்கும் அந்த வயர் போகும். நிப்பாட்ட ஏலாது, ஹரித, சரிதானே?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அப்போ வேற மாதிரி இன்வேர்ட்டர் இருக்கு. அதுக்கு ரெண்டு வாய். ஒரு வாய்க்கு மெஷின். அது பேட்டரி சாகுற வரைக்கும் குடுக்கும். மத்த வாய்க்கு வயர். பேட்டரி இவ்வளவுக்குக் கொறஞ்சா அந்த வாய மட்டும் அதே மூடிக்கிடும். நம்ம சொல்ற கணக்குல மூடும். ஆனா கேத்தல் போட்டா இதும் விழும். கேத்தல் எபா, வேணாம். பல்பு, டிவி சரி."

"எபா" என்று தலையை ஆட்டினாள் வாசலில் நின்ற தங்கச்சி. "நான் இனிமே கேத்தலயே கண்ணால பாக்க மாட்டேன் பாஸ்."

அந்த ஒரு கிலோவாட் இன்வேர்ட்டரை பாஸ் வேறு ஒரு வீட்டுக்குப் பேசிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாய் உள்ள பெரியதைக் கொண்டுவந்து பூட்டினார். பேட்டரி நூற்றுக்கு எத்தனைக்கு இறங்கினால் அந்த வாயை மூட வேண்டும் என்று கேட்டார். இவர் இருபது என்றார். பாஸ் முப்பது வைத்தார். எந்தப் பொத்தானை எப்படி அமத்தி அதை மாற்றுவது என்று மட்டும் பாஸிடம் கேட்டுக்கொண்டேன். அவர் போன அன்றைக்குப் பின்னேரம், இவர் அசந்து தூங்கியபோது, முப்பதை எழுபது ஆக்கினேன். இருபத்தெட்டு வருடத்தில் அவருக்குத் தெரியாமல் நான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பல நாள் அது வெளியே தெரியவில்லை. கரண்ட் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் போகும், வரும். தங்கச்சி வீட்டில் பல்பு எரியும். அவள் மகள் படிக்கிற சத்தம் சுவருக்கு மேலால் வரும். இவர் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார். வரலாற்றுப் பாடத்தில் அரைவாசி அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அவள் எங்கேயாவது தடுமாறினால் இங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்.

ஐப்பசியில் அந்த மழை வந்தது. காலையிலேயே இருட்டிக்கொண்டிருந்ததால் பிள்ளைகளைத் தாய்மாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கீழே ரோட்டில் மரம் விழுந்து கம்பமே சாய்ந்துவிட்டது என்றார்கள். ரோட்டால் ஓட்டோவும் வராது. சிலிண்டரில் பாதிதான் இருந்தது.

மெஷின் ஓடியது. தங்கச்சி வீட்டில் பல்பும் டிவியும் ஓடின. அவள் வீட்டிலிருந்து அதற்கு அடுத்த வீட்டுக்கும் ஒரு வயர் போயிருந்தது எனக்கு அப்போது தெரியாது. நான் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டு இன்வேர்ட்டரின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறு. எண்பத்திரண்டு. எழுபத்தைந்து. பலகைகளில் மழைதான் விழுந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி இன்வேர்ட்டருக்குள் டக் என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவியில் பேசிக்கொண்டிருந்த பெண் பாதியில் நின்றாள். வெளிச்சம் போனது. எங்கள் மெஷின் மட்டும் புஸ் என்றது.

"அங்கிட்டு போயிருச்சு புள்ள" என்றார் அவர்.

"ம்."

"அதுக்குள்ள முப்பதுக்கு வந்துருச்சா?"

நான் பூண்டையே உரித்துக்கொண்டிருந்தேன். அவர் குழாயை இழுத்துக்கொண்டு எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டு இலக்கத்தைப் பார்த்தார்.

"எழுபதுல நிக்கிது. பாஸ் முப்பதுன்னுதானே வச்சாரு?"

"நான்தான் மாத்துனேன்."

"எப்ப?"

"பாஸ் போன அன்னைக்கே."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, உயிரில்லாமல் தொங்கிய அந்த வயரைக் கழற்றினார். மெஷின் பக்கத்துப் பிளக்கில் அதையும் சொருகப் போகிறார் என்று தெரிந்தது. நான் எழுந்துபோய்ப் பிளக்குக்கு முன்னால் நின்றேன். மடியிலிருந்த பூண்டெல்லாம் தரையில் கொட்டியது.

"தள்ளு."

"வேணாங்க."

"பரீட்ச வருது அந்தப் புள்ளைக்கு."

"தெரியும்."

"நம்ம புள்ள யாரு வீட்டு லைட்ல படிச்சிச்சு?"

"அதும் தெரியும்."

"அப்ப தள்ளு புள்ள."

"தள்ள மாட்டேன். லைட்டு எப்பவும் குடுக்கலாம். எனக்கு நீங்க வேணும்."

மழைச் சத்தத்தை மீறிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ, சத்தமாகச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. சுவர் கூரை வரை போகாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதற்கும் அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் நான் பிளக்கை விட்டு அசையவில்லை.

"மதினி" என்று தங்கச்சி கூப்பிட்டாள். "கேட்டுருச்சு."

அவர் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"அண்ணே, போய் படுங்க" என்றாள் அவள் மறுபடியும். "நாங்க வெளக்கு ஏத்தியாச்சு. எங்களுக்கு லைட்டு இல்லாட்டியும் பரவாயில்ல, ஒங்க மெஷின் சத்தம் கேக்கணும். அன்னைக்கு நின்னப்ப ஏறின நடுக்கம் எனக்கு இன்னும் எறங்கல்ல."

"வெளக்குல புள்ளைக்குக் கண்ணு போயிரும் தங்கச்சி."

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க. ஒங்களுக்குத்தான் பாடம் பூரா தெரியுமே."

அவர் வயரைச் சுருட்டினார். அவசரப்படாமல், முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி, முனையை உள்ளே செருகி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு படுத்துக்கொண்டு, பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவள் விளக்கடியில் வாசித்தாள். மூச்சு விட்டு விட்டு அவர் எடுத்துக் கொடுத்தார். நான் தரையில் உட்கார்ந்து பூண்டைப் பொறுக்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது அவர் கையை நீட்டி என் தலையில் வைத்தார். பாடம் நிற்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கரண்ட் வந்தது. பேட்டரியில் இருபத்தாறு வீதம் மிச்சமிருந்தது. எழுபதை ஐம்பதாக்கிவிட்டு நான் வேலைக்குப் போனேன்.